களனித் தண்ணீரும் காமாக் கதிரும்

கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையின் தண்ணீர். அம்பத்தலையில் அதை எடுத்து, படிகாரம் போட்டு அழுக்கைப் படியவைத்து, மணலில் வடித்து, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். அந்த ஆற்றின் தலைப்பக்கம் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை என்று தேயிலை மலைகள். அங்கே களைக்கு மருந்தடிக்கிறவர் முதுகில் சுமந்த தாங்கியை ஓடையில் அலசினால், அந்த அலசல் மஸ்கெலியா ஓயாவிலோ கெஹெல்கமு ஓயாவிலோ கலந்து களனிக்குள் வந்துவிடும். கீழே வரவர மரக்கறித் தோட்டமும் வயலும் தங்கள் பங்கைச் சேர்க்கும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்காத வீடு குறைவு. கிருமிக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் பீடைகொல்லிகள் பல கொதிக்கிற சூட்டுக்கு அசைவதில்லை. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் அவற்றின் செறிவு கூடவும் செய்யும். மணல் வடிகட்டியில் கரைந்த பொருள் நிற்காது. செயலூட்டிய கரி பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் அழிக்காது. நாளைக்கு அந்தக் கரியை எங்கே கொட்டுவது என்ற கேள்வி மிஞ்சும். அந்த மூலக்கூறையே உடைத்துப்போடும் வழிகளில் ஒன்று கதிர்வீச்சு.

கதிர் போய் நஞ்சைத் தாக்கி உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதுவல்ல. குளோர்பைரிபொஸ் என்ற பூச்சிகொல்லி ஒரு லீற்றரில் ஒரு மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (குடிநீரில் எந்த ஒரு பீடைகொல்லியும் லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு.) அப்போது அந்த நஞ்சின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் சுமார் 2,000 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் இருக்கும். வருகிற கதிருக்கு நஞ்சு கண்ணில் படவே படாது. அடி முழுக்கத் தண்ணீர்மேல்தான் விழுகிறது. மிச்ச வேலையைத் தண்ணீர் செய்கிறது.

கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் உமிழும் காமாக் கதிரோ, இலத்திரன்களை வேகப்படுத்தும் இயந்திரமான ஆர்முடுக்கியிலிருந்து பாயும் இலத்திரன் கற்றையோ தண்ணீருக்குள் நுழைந்ததும் வழியிலுள்ள மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்களைத் தட்டிக் கழற்றுகிறது. இலத்திரனை இழந்த தண்ணீர் மூலக்கூறு உடனே ஒரு புரோத்தனைப் பக்கத்து மூலக்கூறிடம் தள்ளிவிட்டு, ஐதரொட்சில் மூலிகமாக, அதாவது சோடியில்லாத ஓர் இலத்திரனோடு எதனுடனும் சட்டெனத் தாக்கம் புரியும் துண்டாக, நிற்கிறது. கழன்ற இலத்திரன் வேகம் குறைந்து ஓரிடத்தில் நிற்க, சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. இதுதான் நீரேறிய இலத்திரன். 1962இல் ஹார்ட், போக் என்ற இருவர் அது ஒளியை உறிஞ்சும் விதத்தை அளந்து, அப்படி ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். கூடவே கொஞ்சம் ஐதரசன் அணுக்களும் ஐதரசன் பெரொட்சைட்டும் உண்டாகும். இவ்வளவும் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஐதரொட்சில் மூலிகத்துக்கு எப்படியாவது ஓர் இலத்திரன் வேண்டும். எதிர்ப்படும் கரிமச் சேர்மத்திலிருந்து ஐதரசனைப் பறிக்கும், அல்லது அதன் வளையத்தில் தானே போய் ஒட்டிக்கொள்ளும். ஓசோனைவிடவும் குளோரினைவிடவும் வலிய ஒட்சியேற்றி அது. நீரேறிய இலத்திரன் நேரெதிர்க் குணம். தன்னைக் கொடுக்கவே அலைகிறது. குளோரின் அணு பிணைந்த மூலக்கூறு கிடைத்தால் அங்கே போய் உட்கார, குளோரின் குளோரைட்டாகக் கழன்றுபோகும். குளோர்பைரிபொஸில் அப்படி மூன்று குளோரின்கள் உண்டு. ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் ஒரே தண்ணீரில், ஒரு துளி இரசாயனமும் வெளியிலிருந்து சேர்க்காமல் நடக்கின்றன. இந்த முறையில் என்னை அதிகம் கவர்ந்தது இதுதான். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்றுப்பட்ட தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் நீரேறிய இலத்திரனை முதலில் பிடித்துக்கொள்ளும். அதே ஒட்சிசன்தான் அடிபட்ட கரிம மூலக்கூறில் சேர்ந்து அதை மேலும் துண்டாக்கவும் உதவுகிறது. எந்த நஞ்சு என்று பார்த்துத்தான் ஒட்சிசனை விடுவதா, நீக்குவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

எவ்வளவு கதிர் வேண்டும்? உறிஞ்சப்பட்ட கதிரின் அலகு கிரே. கிலோகிராமுக்கு ஒரு யூல். ஒரு கிலோகிரே என்றால் லீற்றருக்கு 1,000 யூல். அது தண்ணீரின் வெப்பநிலையைக் கால் பாகைகூட உயர்த்தாது. அதே லீற்றரைக் கேத்தலில் கொதிக்கவைக்க அதைப்போல ஏறக்குறைய 300 மடங்கு சக்தி தேவை. ஆனால் அந்தச் சிறிய சக்தியில் லீற்றருக்கு 0.28 மில்லிமூல் ஐதரொட்சில் மூலிகம் பிறக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட ஒரு மைக்ரோகிராம் குளோர்பைரிபொஸுக்கு, மூலக்கூறு ஒன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் மூலிகங்கள்.

அப்படியென்றால் வேலை சுலபம் என்று தோன்றும். அந்த ஓர் இலட்சமும் நஞ்சைத் தேடிப் போவதில்லை என்பதுதான் பிரச்சினை. ஐதரொட்சில் எதைக் கண்டாலும் தின்னும். மக்கிய இலைதழையிலிருந்து ஊறிய கரிமப் பொருள், கரைந்திருக்கும் இருகாபனேற்று, எல்லாமே அதற்கு இரைதான். மழை பெய்து கலங்கி ஓடும் களனியில் முதல் வகை நிறைய. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து வந்த இருகாபனேற்று நிறைய. ஆகவே தெளிந்த ஆய்வுகூடத் தண்ணீரில் கிடைத்த கணக்கை அப்படியே ஆற்றுக்கோ கிணற்றுக்கோ கொண்டுபோக முடியாது. கதிரளவைத் தீர்மானிப்பதில் நஞ்சுக்கு எவ்வளவு பங்கோ, அதோடு கூட இருப்பவற்றுக்கும் அவ்வளவு பங்கு.

அப்புறம், பாதியில் நிறுத்துகிற ஆபத்து. குளோர்பைரிபொஸில் பொசுபரசோடு கந்தகம் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. ஒட்சியேற்றம் தொடங்கியதும் அந்தக் கந்தகத்தின் இடத்தில் ஒட்சிசன் வந்து, ஒக்சன் என்ற வடிவம் உண்டாகும். நரம்புகளைத் தாக்குவதில் அது தாய்ச்சேர்மத்தைவிடக் கொடியது. குளோரின் கலந்தாலும் இதே மாற்றம் நடக்கும் என்பதைக் குழாய்த் தண்ணீர் குடிக்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். கதிர்வீச்சில் இன்னும் கொஞ்சம் அளவைக் கூட்டினால் ஒக்சனும் உடைந்து, கடைசியில் காபனீரொட்சைட்டு, பொசுபேற்று, சல்பேற்று, குளோரைட்டு என்று போய்ச் சேரும். அதனால் "மருந்து 95 வீதம் மறைந்துவிட்டது" என்று மட்டும் ஓர் அறிக்கை சொன்னால் அதை நம்பி விடக்கூடாது. மறைந்தது என்னவாக மாறியது என்று பார்க்க வேண்டும். மீதமுள்ள மொத்தக் கரிமக் காபனை அளக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் சின்ன உயிரிகளை விட்டு நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும்.

சரி, கதிர் பட்ட தண்ணீரே கதிரியக்கம் கொண்டதாகிவிடாதா? ஆகாது. அணுக்கருவைக் குலைக்கும் அளவுக்குக் கோபால்ட்-60இன் காமாக் கதிருக்குச் சக்தி போதாது. இலத்திரன் கற்றையையும் அந்த எல்லைக்குக் கீழேயே வைத்துக்கொள்கிறார்கள். கோபால்ட் உலோக உறைக்குள் மூடியே இருக்கும், தண்ணீரைத் தொடாது. இதே வகைக் கதிரால்தான் பியகமவில் இலங்கை அணுசக்தி சபையின் காமா நிலையம் மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்குகிறது. மருத்துவப் பொருட்களுக்கு உலகெங்கும் வழக்கமான அளவு 25 கிலோகிரே.

ஒரு நகரத்தின் தண்ணீருக்குக் கோபால்ட் கட்டுப்படியாகாது. பத்து இலட்சம் கியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கோபால்ட்டைக் குவித்தாலும் கிடைப்பது சுமார் 15 கிலோவாட்தான். ஐந்தேகால் வருடத்தில் அதுவும் பாதியாகிவிடும். அதனால் பெரிய அளவில் செய்தவர்கள் இலத்திரன் ஆர்முடுக்கிக்குப் போனார்கள். தென்கொரியாவின் தேகு நகரில் சாயத் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு 400 கிலோவாட் இயந்திரம் ஒன்றை வைத்து நாளுக்கு 10,000 கனமீற்றர் சுத்திகரித்தார்கள். ஒரு மில்லியன் இலத்திரன்வோல்ட் இலத்திரன் தண்ணீருக்குள் நான்கு மில்லிமீற்றரளவே போகும் என்பதால், தண்ணீரை மெல்லிய தகடாகப் பீய்ச்சிக் கற்றைக்குக் குறுக்கே ஓடவிட்டார்கள். சீனாவின் குவாங்டொங்கில் 2020இல் தொடங்கிய துணி ஆலை நிலையம் நாளுக்கு 30,000 கனமீற்றரைக் கையாளும்படி கட்டப்பட்டது.

இரண்டுமே கழிவுநீர் நிலையங்கள், குடிநீருக்கானவை அல்ல. அதுதான் சரியான இடம் என்று நான் நினைக்கிறேன். அம்பத்தலைக்கு வந்துசேரும்போது நஞ்சு கோடிக்கணக்கான லீற்றரில் கரைந்து பரவியிருக்கும். அங்கே கதிரைச் செலுத்தினால் அதில் பெரும்பங்கு இலைச்சாற்றுக்கே செலவாகும். பீடைகொல்லியைக் கலந்து போத்தலில் அடைக்கும் ஆலையின் கழிவுக்குழாயில் அது செறிவாக, குறைந்த தண்ணீரில் இருக்கிறது. அங்கே ஒரு கிலோகிரேக்குக் கிடைக்கும் பலன் பல மடங்கு. முழுதாக உடைக்கவும் தேவையில்லை. ஒக்சன் கட்டத்தைத் தாண்டி நுண்ணுயிர் தின்னக்கூடிய துண்டுகளாக்கும் வரை கதிர் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சாதாரண உயிரியல் தொட்டியில் விடலாம். பியகமவில் காமா நிலையமும் இருக்கிறது, களனியிலிருந்து எடுக்கும் குடிநீர் நிலையமும் இருக்கிறது, துணி ஆலைகள் உள்ள ஏற்றுமதி வலயமும் இருக்கிறது. இலங்கையில் ஒரு சிறிய ஆர்முடுக்கியை வைத்துப் பார்ப்பதென்றால், நான் முதலில் கேட்பது அந்த வலயத்தின் கழிவுநீர் வெளியேறும் வாயிலைத்தான்.