துணியில் வந்த பழுப்பு அழுக்கு இல்லை

போன வாரம் என் மேசைக்கு வந்த ஓவியம் நாலடி அகலம், மூன்றடி உயரம். அரூப ஓவியம். சுருட்டையும் நேர்த்தியான கண்ணாடிக் கோப்பைகளையும் மனதில் வைத்து வரைந்தது. ஆனால் ‘இதுதான் சுருட்டு’ என்று விரல் வைத்துக் காட்ட அதில் எதுவும் கிடையாது. குறுக்கே ஓடும் புகையிலைப் பழுப்புப் பட்டைகள், நடுவில் தொட்டால் உதிர்ந்துவிடுமோ என்று தோன்றும் சாம்பல் பரப்பு, அதன்மேல் நெட்டுக்குத்தாக மூன்று பளபளப்பான கீற்றுகள். அந்தக் கீற்றுகள்தான் கண்ணாடி. முழுக்க அக்ரிலிக், அதாவது தண்ணீரில் கலந்து பூசி, காய்ந்ததும் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும் வண்ணம்.

உரிமையாளர் அதன்மேல் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயை அடித்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டார். இந்த வருடம் இதே மாதிரி துடைத்துவிட்டு என்னிடம் கொண்டு வந்த நான்காவது ஆள் இவர். ஓவியச் சீரமைப்பு வேலையில் இருக்கும் எனக்கு இனியும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். அவரும் நண்பர்களும் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் அறையில் அந்த ஓவியம் ஆறு வருடம் தொங்கியது. மெல்ல மெல்ல மஞ்சள் படிந்து, கீற்றுகளின் பளபளப்பு மங்கிப் போனது. அழுக்கை எடுத்துவிடலாம் என்று துடைத்தார். துணி பழுப்பானது. ‘அடேயப்பா, இவ்வளவு அழுக்கா’ என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் துடைத்தார். மூன்றாவது துணியில் பழுப்பு நின்றுபோய், படத்தில் வெள்ளை எட்டிப் பார்த்தபோதுதான் கை நின்றது.

ஓவியமே பழுப்பு. துணியில் பழுப்பாக வந்ததில் எவ்வளவு புகைக்கறை, எவ்வளவு வண்ணம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாது. அரிசி மணி அளவுக்கு ஒரு ஓரத்தைத் தேர்ந்தெடுத்து, குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஒரே ஒருமுறை உருட்டி, அந்தப் பஞ்சை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பேன். தேய்ப்பதில்லை, உருட்டுவதுதான்.

பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அவர் கை போன பாதை அப்படியே தெரிந்தது. வலது தோள்பட்டையை மையமாக வைத்து வீசிய அரைவட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. சாம்பல் பரப்பு அந்த வட்டங்களில் மட்டும் மினுமினுத்தது. பளபளத்திருந்த கீற்றுகளோ பனி படர்ந்த மாதிரி வெளிறிக் கிடந்தன.

உலர்ந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் மாதிரிதானே, தண்ணீர் என்ன செய்யும் என்று கேட்பார்கள். தண்ணீர் பட்டாலே அது ஊறி உப்பும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும், சிலவற்றில் அம்மோனியாவும் இருக்கும். அம்மோனியாவால் காரத்தன்மை கூடினால் அக்ரிலிக் இன்னும் அதிகமாக உப்பும். ஆல்கஹால் அதை இளக்கும். அந்த நிலையில் துணியை வைத்துத் தேய்த்தால் வண்ணத்தைத்தான் வாரி எடுக்கிறீர்கள். ஓவியத்தில் கண்ணாடி தெரிகிறது என்பதற்காகக் கண்ணாடித் திரவம் ஒத்துக்கொள்ளுமா?

இதெல்லாம் தெரியாமல் செய்த தவறு. தெரியாதவரிடம் எனக்குக் கோபமில்லை. என்னைக் கொதிக்க வைப்பது இன்னொரு பேச்சு. துடைத்த நால்வரில் மூவர் என்னிடம் சொன்னது அது: “உருவம் எதுவும் இல்லையே, கொஞ்சம் போனால் யாருக்குத் தெரியப் போகிறது?”

தயவுசெய்து இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஒரு முகத்தை வரைந்த படத்தில் கன்னத்தில் ஒரு இடம் போய்விட்டால், கன்னம் எப்படி இருந்திருக்கும் என்று சுற்றியுள்ளதை வைத்து ஊகிக்கலாம். மூக்கு எங்கே முடிய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அரூப ஓவியத்தில் அந்தத் துணை கிடையாது. ஒரு பழுப்புப் பட்டை அந்த இடத்தில் ஏன் அவ்வளவு அடர்த்தி, ஏன் அங்கே மெலிகிறது என்பது வரைந்தவரின் கைக்கு மட்டுமே தெரியும். போனால் போனதுதான். ஊகித்து நிரப்ப ஒரு பிடியும் இல்லை.

இந்த ஓவியத்தையே பாருங்கள். வெள்ளை அடித்தளத்தின்மேல் மிக மெல்லிய பழுப்பை ஏழெட்டுத் தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் காய விட்டு, அடியிலிருந்து வெளிச்சம் கசிகிற மாதிரி செய்திருக்கிறார் ஓவியர். காய்ந்த புகையிலையை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே, அந்த நிறம். அதற்குப் பக்கத்தில் கொஞ்சமும் மினுங்காத சாம்பல். அதற்கு எதிராகப் பளபளக்கும் கண்ணாடிக் கீற்று. மினுங்குவதும் மினுங்காததும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் கண்ணாடி கண்ணாடியாகத் தெரிகிறது. சாம்பலைத் தேய்த்து மினுக்கிவிட்டால், கீற்றை ஒருவரும் தொடாவிட்டாலும் அந்தக் கண்ணாடி செத்துப்போகும். ஆக, உருவம் இல்லாத படத்தில் மேல்தோல்தான் படம். அதில் போவது எதுவும் ‘கொஞ்சம்’ கிடையாது.

அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக வரைந்த பெரிய அரூப ஓவியங்களை 1964இல் அங்கே ஒரு உணவு அறையில் மாட்டினார்கள். பெரிய ஜன்னல்கள், நல்ல வெயில். அவர் பயன்படுத்திய லித்தால் ரெட் என்ற சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் ரகம். 1979க்குள் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைக்க வேண்டியதாயிற்று. பிறகு 2014இல் காட்சிக்கு வைத்தபோது, வெளுத்த இடங்களில் யாரும் தூரிகை வைக்கவில்லை. இழந்த நிறத்தைக் கணக்கிட்டு, புரொஜெக்டர் வழியாக வண்ண ஒளியை ஓவியத்தின்மேல் பாய்ச்சினார்கள். ஒளியை அணைத்தால் வெளுத்த படம் அப்படியே இருக்கும். வார்னிஷ் என்ற காப்புப் பூச்சு இல்லாத பரப்பில் ஒருமுறை வண்ணம் பூசிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பதால்தான் அவ்வளவு பாடு. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் சிவப்புப் பரப்பு. அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு என்பதற்காகத்தான் அத்தனை பேர் மெனக்கெட்டார்கள்.

சரி, புகைக்கு வருவோம். சுருட்டுப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சின்னவை. அக்ரிலிக்கோ சாதாரண அறை வெப்பத்திலேயே கொஞ்சம் இளகிய பொருள். வெயில் காலத்தில் லேசாக ஒட்டும். புகை மேலே படிவதோடு நிற்காது, உள்ளே பதியும். பதிந்த பிறகு முழுவதும் எடுக்க முடியும் என்று என்னைப் போன்ற யாரும் வாக்குக் கொடுக்க மாட்டோம். பாதி மஞ்சளை விட்டுவைப்பதுதான் பல நேரம் நேர்மையான வேலை.

இன்னொன்று பலர் யோசிப்பதே இல்லை. சுருட்டைப் பெட்டியில் கிட்டத்தட்ட 70 சதவீத ஈரப்பதத்தில் வைப்பார்கள். கேன்வாஸுக்கு 50க்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. 65ஐத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை வர ஆரம்பிக்கும். சுருட்டுக்கென்று ஈரமூட்டிய அறை ஓவியத்துக்குப் பகை. சுருட்டும் அதைப் பற்றிய ஓவியமும் ஒரே அறையில் இருந்தால் அழகு என்று தோன்றுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம்.

நிஜப் புகையிலை இலையையே கேன்வாஸில் ஒட்டிய படங்களும் வருகின்றன. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், சட்டத்துக்குக் கீழே பழுப்புத் தூள் கொட்டியிருக்கிறதா, இலையில் ஊசித் துளைகள் இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். புகையிலை வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். இருந்தால் படத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டுக் கூப்பிடுங்கள். சுருட்டை ஃப்ரீசரில் வைத்து வண்டைக் கொல்கிறார்களே என்று படத்தையும் உள்ளே வைத்துவிடாதீர்கள். குளிரில் அக்ரிலிக் விறைத்து வெடிக்கும்.

அப்புறம் வீட்டு வைத்தியங்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டித் துண்டு எதுவும் வேண்டாம். ஈரமும் மாவும் தங்கிவிடும், பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது விருந்து. எச்சிலைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. உண்மைதான், எச்சிலில் அமைலேஸ் என்ற நொதி இருப்பதால் சில பரப்புகளில் நாங்கள் பயன்படுத்துகிறோம். அதன் துப்புரவுத் திறனை அளந்த ஆய்வுக்கு 2018இல் இக் நோபல் பரிசுகூடக் கிடைத்தது; முதலில் சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. ஆனால் எந்தப் பரப்பு, எத்தனை உருட்டல், பிறகு எச்சிலை எதைக்கொண்டு எடுப்பது என்று பார்த்துச் செய்யும் வேலை இது. நீங்கள் செய்யாதீர்கள்.

புகைக்கும் அறையில் மாட்டியே ஆக வேண்டும் என்றால், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் வையுங்கள். கண்ணாடி ஓவியத்தைத் தொடாமல் நடுவில் இடைவெளி இருக்கட்டும், பின்பக்கமும் அட்டை வைத்து மூடுங்கள். அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போதும் திரவத்தைத் துணியில் தெளித்துக்கொள்ளுங்கள், நேராக அடித்தால் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். மஞ்சள் படிந்த படத்தின்மேல் கடையில் வாங்கிய வார்னிஷை அடிக்காதீர்கள். புகைக்கறையைப் பூட்டிச் சாவியைத் தொலைத்த மாதிரிதான் அது. இடம் மாற்றும்போது குமிழ்க் காகிதம் வண்ணத்தில் படக்கூடாது, குமிழ்கள் வட்ட வட்டமாக அச்சு விழுந்து நிற்கும். விஸ்கி தெறித்துவிட்டதா? அதில் கிட்டத்தட்ட 40 சதவீதம் ஆல்கஹால். துடைக்கக் கை பரபரக்கும், துடைக்காதீர்கள். வழியாமல் இருக்கப் படத்தைக் கழற்றிப் படுக்கை வாக்கில் வைத்துவிட்டு, போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

வாங்கும் அன்றே ஓவியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்: என்ன வண்ணம், வண்ணத்தோடு கலந்த மீடியம் எது, மேலே வார்னிஷ் உண்டா இல்லையா. இந்த நாலு வரி இருந்தால் என் வேலையில் பாதி முடிந்தது. வார்னிஷ் இருந்தால் கறை பெரும்பாலும் அதன்மேல் நிற்கும், வார்னிஷை எடுத்து வேறு பூசலாம். இல்லையென்றால் நேராக வண்ணத்தின்மேல்தான் கை வைக்க வேண்டும்.

ஏற்கெனவே துடைத்துவிட்டீர்களா? திட்ட மாட்டேன், மறைக்காமல் சொல்லுங்கள். எந்த ஸ்ப்ரே, எத்தனை தடவை, எப்போது என்று எல்லாம் வேண்டும். துடைத்த துணியைத் துவைத்துவிடாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். ஒரு கவரில் போட்டுப் படத்தோடு கொண்டு வாருங்கள். போனது புகையா, வண்ணமா என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்தத் துணிதான்.