மட்டக்களப்பு – திருச்சி ஒரு மணித்தியாலப் பயணம் இல்லை

"ஒரு மணித்தியாலம்தானே மனே, விடியப் பஸ் எடுத்தாக் காணும்தானே?" திருச்சிக்குக் கண் காட்டப் போகவிருந்த களுவாஞ்சிக்குடி அம்மா ஒருவர் இப்படிக் கேட்டார். அவருடைய பேரன் போனில் பார்த்துச் சொன்ன கணக்கு அது. விமான டிக்கட் போடும் தொழிலில் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கேட்கும்போதெல்லாம் பயமாக இருக்கும்.

போனில் காட்டுவது பிழையான தூரம் இல்லை. மட்டக்களப்புக்கும் திருச்சிக்கும் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 470 கிலோமீற்றர். அதைப் பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏற இறங்கக் கொஞ்சம் கூட்டி ஒரு மணித்தியாலம் என்கிறார்கள். அந்தக் கோட்டில் விமானம் ஓடுகிறதா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. இங்கிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் கிடையாது.

உள்ளூர்ப் பறப்பிலும் இதே சிக்கல்தான். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 207 கிலோமீற்றர். ஜெட் வேகத்தில் வகுத்தால் கால் மணித்தியாலம்கூட வராது. ஆனால் நம்முடைய சிறிய ஓடுபாதைக்கு ஏற்ற செஸ்னா கரவன் போன்ற விமானம் மணிக்கு 300 கிலோமீற்றர் சொச்சம்தான் போகும். முக்கால் மணித்தியாலம் என்று வையுங்கள். சில தளங்கள் தூரத்தைக் கடல் மைலில் போடும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர், சாதாரண மைல் 1.609. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுக்காதீர்கள்.

சரி, அந்த அம்மாவின் உண்மையான பயணம் எப்படி? பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்கவுக்கு வான் வண்டியில் ஆறு ஏழு மணித்தியாலம். பறப்புக்கு மூன்று மணித்தியாலம் முன்பே அங்கே நிற்க வேண்டும். செக்-இன் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள்; விமானம் கண்ணுக்குத் தெரிந்தாலும் ஏற விடமாட்டார்கள். அப்புறம்தான் கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு அந்த ஒரு மணித்தியாலப் பறப்பு. டிக்கட்டில் இருக்கும் நேரம்கூட விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுபக்கம் போய் நிற்பது வரைக்குமானது. இறங்கியபின் குடிவரவு வரிசை, பொதி எடுப்பது எல்லாம் தனி.

அதனால் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். பகல் 2 மணிப் பறப்பு என்றால் 11 மணிக்கு உள்ளே நிற்க வேண்டும். வழியில் தேத்தண்ணிக்கும் வயதானவர்கள் கால் நீட்டவும் நிறுத்துவதைச் சேர்த்தால் அதிகாலை 3 மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். காலைப் பறப்பு என்றால் முதல் நாளே போய்த் தங்குவதுதான் நல்லது. ராவு முழுக்க பஸ்ஸில் குந்தியிருந்து நேரே விமானம் ஏறுவது சீனி, பிரஷர் உள்ளவர்களின் உடம்புக்கு ஆகாது. மருந்தைக் கைப்பையில் வையுங்கள்.

இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் அதில் குழப்பமில்லை. கத்தார் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால். டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம்; கழித்துப் பார்த்துப் பறக்கும் நேரம் என்று எண்ண வேண்டாம்.

கார்த்திகை, மார்கழி மழையில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வீதியை மூடிவிடும். அந்த மாதங்களில் பயணம் என்றால் புறப்படும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று வான்காரரிடம் கேளுங்கள். மூடியிருந்தால் மகியங்கனை, கண்டி வழியாகச் சுற்ற வேண்டிவரும். மலைப்பாதை, இன்னும் சில மணித்தியாலம் கூடுதலாக வையுங்கள்.