பெட்டியின் பின்கதவில் சைக்கிளைத் தொங்கவிடாதீர்கள்

மடு மாதா கோயில் திருவிழாக் காலம் வந்தால் எங்கள் கராச்சுக்கு வருகிற வேலைகளில் பாதி, வந்திருக்கவே தேவையில்லாத வேலை. கடந்த கிழமை வந்ததும் அப்படித்தான். உழவு இயந்திரப் பெட்டியின் முன்சட்டம், கொழுக்கிக்குக் கிட்ட வாய் பிளந்து போயிருந்தது. பின்கதவு உள்ளுக்கு மடிந்திருந்தது. அதில் கட்டியிருந்த மூன்று சைக்கிள்களில் ஒன்றைக்கூட நிமிர்த்த முடியாது. மாங்குளத்திலிருந்து மல்லாவிப் பக்கம் போகிற வீதியில் ஒரு மதகில் ஏறி இறங்கியபோது கொழுக்கி ஆணி கழன்று, பெட்டி பின்பக்கமாகக் குந்திவிட்டது. உள்ளே இருந்த அம்மா ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொடியன் மயிரிழையில் தப்பினான். வருடா வருடம் இதே இடத்தை வெல்டிங் வைத்து ஒட்டி ஒட்டி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

சைக்கிள் கொண்டுபோக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜூலை 2க்கும் ஓகஸ்ட் 15க்கும் மடுவுக்குப் போகிற குடும்பங்கள் நாள்கணக்கில் மரநிழலில் தறப்பாள் கட்டித் தங்குவது வழக்கம். அங்கே தண்ணீருக்கும் கடைக்கும் போய்வரச் சைக்கிள் இருந்தால் எவ்வளவு உதவி என்று எல்லாருக்கும் தெரியும். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். சட்டி பானை, அரிசி, பாய், தண்ணீர்க் கான், பிள்ளைகள் எல்லாம் உள்ளே ஏறிய பிறகு, இடமில்லாமல் கடைசியாக வருவது சைக்கிள். அது நேரே பின்கதவுக்குப் போகிறது. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

கேட்டால் எல்லாரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: “அண்ணை, சைக்கிள் என்ன பாரமே? அதோட பின்னுக்குக் கட்டினா கொழுக்கி லேசாயிடும், மெசினுக்கும் சுகம்.” சொல்லிவிட்டு முன்சட்டத்தை ஒரு கையால் தூக்கியும் காட்டுகிறார்கள். “பாத்தியளே, பாரம் சமனா இருக்கு.”

இந்த நினைப்பைத்தான் மாற்ற வேண்டும். கொழுக்கி லேசாக இருப்பது நல்லதல்ல. நிற்கிற பெட்டியைக் கையால் தள்ளிக் கொழுவும்போது மட்டும்தான் அது சுகம். ஓடுகிற பெட்டிக்கு மூக்கில், அதாவது கொழுக்கிப் பக்கத்தில், பாரம் இருக்க வேண்டும். ஒரு அச்சில் ஓடுகிற எந்தப் பெட்டியும் கிணற்றுத் துலா மாதிரித்தான். நடுவில் அச்சு, ஒரு முனையில் கொழுக்கி, மறுமுனையில் பின்கதவு. துலாவின் அடியில் கொஞ்சம் கல்லைக் கட்டினால் போதும், அந்தப் பக்கம் முழு வாளியையே தூக்கிவிடும். பின்கதவுக்கு வெளியே தொங்குகிற சைக்கிள்தான் அந்தக் கல்.

கணக்குப் பார்ப்போம். சாதாரணச் சைக்கிள் ஒன்று 15 முதல் 20 கிலோ வரும். நான்கு சைக்கிளுக்கு 70 கிலோ என்று வையுங்கள். அவை அச்சிலிருந்து 5 அடி பின்னுக்குத் தொங்குகின்றன, கொழுக்கி அச்சிலிருந்து 7 அடி முன்னுக்கு இருக்கிறது என்றால், 70ஐ 5ஆல் பெருக்கி 7ஆல் வகுங்கள். 50 கிலோ. அந்த 70 கிலோவும் கொழுக்கியிலிருந்து 50 கிலோவைத் தூக்கி எடுத்துவிடுகிறது. தண்ணீர்ப் பீப்பாயையும் பின்னுக்கு வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ. இது பெட்டி நிற்கும்போது உள்ள கணக்கு. வீதியில் பள்ளம் கிடங்கில் விழுந்து எழும்பும்போது பின்பக்கம் இன்னும் பலமாக அமுக்கும், மூக்கு மேலே அடிக்கும், ஆணி துளைக்குள் துள்ளும். அடுத்த கிடங்கிலும் அதே அடி. மல்லாவி வீதியில் கழன்ற ஆணி அந்த ஒரு மதகால் மட்டும் கழன்றதல்ல, வீட்டுப் படலையிலிருந்து அதுவரை வாங்கிய அடியெல்லாம் சேர்ந்து கழற்றியது.

“மெதுவாத்தானே போறம்” என்பார்கள். மெதுவாகப் போனாலும் மதகு மதகுதான். லாண்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம், ஓட்டுகிறவருக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குளக்கட்டு மாதிரிச் சரிவில் இறங்கும்போது பெட்டி மெசினைத் தள்ளும். அந்த நேரம் ஒரு பக்கக் கிளச்சைப் பிடித்தால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். பழைய ஓட்டிகளுக்கு இது கையிலேயே இருக்கிறது. விடுமுறைக்கு வந்து ஆசைக்குக் கைபிடியைப் பிடிக்கிற பொடியனுக்குத் தெரியாது. மூக்கு லேசான பெட்டியோடு அவனைச் சரிவில் இறங்க விடாதீர்கள். பிக்கப்பிலோ ஜீப்பிலோ பெட்டி கொழுவி ஏ9 வீதியில் வேகமாகப் போகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. பின்பாரம் கூடிய பெட்டி வாலை ஆட்டத் தொடங்கினால் பிறேக்கை அமத்துவது ஆட்டத்தைக் கூட்டும். அக்சிலேற்றரில் இருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வேகம் தானாக இறங்கட்டும்.

ஜேர்மனியில் இருக்கிற என் மச்சான் குடும்பத்தோடு கூடாரம் அடிக்கப் போகும்போது காருக்குப் பின்னால் தங்கும் பெட்டியையே இழுத்துக்கொண்டு போகிறவர். அங்கே ஒவ்வொரு காருக்கும் கொழுக்கியில் இறங்கக்கூடிய ஆகக்கூடிய பாரம் எழுதியிருக்கும், பெரும்பாலும் 75, 100 கிலோ என்று. அதைத் தாண்டவும் கூடாது, அதற்காக மூக்கைக் காலியாக விடவும் கூடாது. அமெரிக்காவில் பெட்டியின் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் கொழுக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுவிதி. சைக்கிள் தாங்கியைப் பெட்டியின் முன்சட்டத்தில் பூட்டுகிற வழக்கமும் அங்கே உண்டு, பாரம் முன்னுக்கு விழட்டும் என்றுதான். அதைப் படத்தில் பார்த்துவிட்டு ஒருவர் இங்கே பெரிய மெசினுக்கும் (நாலு சில்லு உழவு இயந்திரம்) பெட்டிக்கும் நடுவில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அங்கே அளவெடுத்துச் செய்த தாங்கி, அப்படியிருந்தும் ஒடுக்கமான திருப்பத்தில் ஹாண்டில் காரில் முட்டாதா என்று பார்த்துத்தான் திருப்புவார்கள். இங்கே திரும்பும்போது மெசினின் பெரிய சில்லு சைக்கிளைக் கவ்வி இழுத்துவிடும்.

அப்படியானால் எங்கே வைப்பது? பெட்டிக்கு உள்ளே, முன்பலகையோடு, நிமிர்த்தி, குறுக்கே. ஒன்றின் தலை மற்றதன் வால் பக்கம் வரும்படி மாற்றி மாற்றி வையுங்கள். பெட்டி ஒடுக்கமென்றால் முன்சில்லைக் கழற்றுங்கள். பெடல் பக்கத்துச் சைக்கிளின் கம்பிகளுக்குள் போகுமென்றால் அதையும் கழற்றலாம், பெரும்பாலும் 15ஆம் நம்பர் சாவி பிடிக்கும். ஆனால் இடப்பக்கப் பெடல் எதிர்ப்புரி. மற்ற நட்டைப்போல அதைச் சுற்றினால் இன்னும் இறுகும். அப்படி முழுப்பலத்தோடு இறுக்கிப் புரியைத் தின்னவைத்துவிட்டு என்னிடம் கொண்டுவருகிறவர்கள் நிறையப்பேர்.

கட்டும்போது சைக்கிளின் சட்டத்தைக் கட்டுங்கள். கரியரைப் பிடித்துக் கட்டாதீர்கள், சில சிறிய நட்டுகளில்தான் அது நிற்கிறது. ரியூப்பைக் கிழித்த வார் இழுபடும், வெயிலில் காய்ந்தது எந்த நேரமும் அறும். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் வைக்க அது நல்லது, பிடித்துவைக்கக் காணாது. நைலோன் கயிறு அல்லது லொறிக்காரர் இறுக்குகிற பெல்ட் பாவியுங்கள். பிறேக் வயரின் மேலால் கயிற்றை இறுக்க வேண்டாம். புறப்பட்டுச் சில கிலோமீற்றரில் நிறுத்தி ஒருக்கால் கையால் இழுத்துப் பாருங்கள். கட்டாயம் தளர்ந்திருக்கும்.

வேறு வழியே இல்லை, பின்னுக்குத்தான் என்றால், ஒன்றுக்கு மேல் வேண்டாம். அரிசி மூட்டையும் தண்ணீரும் அச்சுக்கு முன்னால் போகட்டும். ஹாண்டிலும் பெடலும் பெட்டியின் அகலத்துக்கு வெளியே நீட்டக் கூடாது. முந்திப் போகிற மோட்டார் சைக்கிள்காரர் பெட்டியின் அகலத்தைப் பார்த்துத்தான் விலகுகிறார், நீட்டிக்கொண்டிருக்கிற பிறேக் பிடியை அவர் எதிர்பார்ப்பதில்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. வெயிலுக்கு முதல் போய்ச்சேரவேண்டும் என்று விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிடுகிறீர்கள். பெட்டியில் இருப்பதே இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர், அதையும் சைக்கிள் மறைக்கிறது. சைக்கிளில் இருக்கிற ரிஃப்ளெக்டர், சைக்கிளைக் குறுக்கே கட்டியதால் காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே வீதியில் கொழும்பு - யாழ்ப்பாணம் இரவு பஸ் வருகிறது. அவருக்கு உங்கள் பெட்டி தெரிவது எப்போது? ஜேர்மனியில் சைக்கிள் தாங்கி பின் லைற்றையோ இலக்கத்தகட்டையோ மறைத்தால் வெளியே இன்னொன்று பூட்டியாக வேண்டும். இங்கே ஒரு பலகைத் துண்டில் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டரை அறைந்து, சைக்கிளுக்குப் பூட்டுகிற சிவப்பு மினுக்கு லைற்றையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் வெளிப்புறமாகக் கட்டுங்கள். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுகூட வராது.

வெளிக்கிட முதல்நாள் முன்சட்டத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒட்டின் ஓரத்தை ரோச் அடித்துப் பாருங்கள். மயிர் அளவில் மண்ணிறக் கோடு ஒன்று ஓடினால் அது அழுக்கல்ல, வெடிப்பு. உள்ளே தண்ணீர் போய்த் துரு வெளியே வருகிறது. மேலால் பெயின்ற் அடித்து மறைக்காமல் ஒட்டக் கொண்டுவாருங்கள். ஆணிக்குப் பதிலாகக் கட்டடக் கம்பித் துண்டு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் அந்தத் துண்டில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். சரியான ஆணி, அது மேலே வராமல் கொட்டர்பின், முன்சட்டத்துக்குக் கீழால் குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலி. ஆணி போனாலும் மூக்கு நிலத்தில் குத்தாமல் சங்கிலி ஏந்தும்.

முடியுமானால் ஆக்களைப் பஸ்ஸில் அனுப்புங்கள். திருவிழாவுக்கு விசேட பஸ்கள் ஓடுகின்றன. பெட்டியில் சாமானும் சைக்கிளும் மட்டும் போகட்டும். வயதான அம்மாமாரையும் கைக்குழந்தைகளையுமாவது பஸ்ஸில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போய்ச்சேர்ந்த பிறகும் ஒன்று இருக்கிறது. தண்ணீர் எடுக்க மெசின் வேண்டுமென்று எல்லாரும் முதலில் பெட்டியைக் கழற்றுகிறார்கள். பின்னுக்குப் பாரம் இருந்தால் ஆணியை இழுத்த உடனே முன்சட்டம் மேலே பாயும், குனிந்திருக்கிறவரின் நாடியில் அடிக்கும். சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள், பின்கதவுக்குக் கீழே மரக்குற்றி ஒன்று வையுங்கள், பெட்டிக்குள் இருக்கிறவர்களை இறக்குங்கள், பின்பக்கத்துப் பாரம் முழுவதையும் இறக்குங்கள். ஆணியில் கை வைப்பது அதற்குப் பிறகு.