59-ஆவது நிமிடத்தில் சரிந்தவர்

2023 டிசம்பர் 16, 17. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டியில் பேச நிறைய இருந்த வார இறுதி. சொந்த மைதானத்தில் 2-0 என முன்னிலையில் இருந்த மான்செஸ்டர் சிட்டி, கிரிஸ்டல் பேலஸிடம் கடைசி நேர பெனால்டியில் வெற்றியைக் கோட்டைவிட்டது. லிவர்பூல் – மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தில் கோலே விழவில்லை. எனக்கு நினைவில் நிற்பது போர்ன்மவுத் – லூட்டன் ஆட்டம்தான்.

59-ஆவது நிமிடம். லூட்டன் கேப்டன் டாம் லாக்யர், யாரும் இடிக்காமலே சரிந்து விழுந்தார். இதயத் துடிப்பு நின்றுவிட்டது. மருத்துவக் குழு ஓடிவந்து, மின் அதிர்ச்சி கொடுத்து மீட்டது. துடிப்பு நின்றிருந்தது 2 நிமிடம் 40 விநாடி. ஆட்டம் 1-1 என்ற நிலையில் கைவிடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் லண்டன் வெம்ப்ளி மைதானத்திலும் மயங்கி விழுந்து, இதயத்துக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் அவர்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு அந்த 2 நிமிடம் 40 விநாடி ரொம்பப் பெரிய விஷயம். எங்களிடம் வருபவர்களில் பலர், விழுந்த இடத்தில் யாரும் நெஞ்சில் கை வைத்து அழுத்தாமலே வந்து சேர்கிறார்கள். கூட வந்தவரைக் கேட்டால், "மூச்சு இருந்துச்சு டாக்டர், கொர்ர்னு இழுத்தாரு" என்பார். அது மூச்சில்லை. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் அப்படி விட்டுவிட்டு இழுக்கும். சிலருக்குக் கை கால் வெட்டி இழுப்பதும் உண்டு. வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைத் திணிப்பார்கள், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், வாயில் சோடா ஊற்றுவார்கள். அப்புறம்தான் வண்டி தேடுவார்கள். ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது.

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். நீங்கள் நடு நெஞ்சில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்ற கையை வைத்து, முழங்கையை மடக்காமல் 5 செ.மீ. இறங்குமளவு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலெழ வேண்டும். ரயில் நிலையத்திலோ விமான நிலையத்திலோ ஏ.இ.டி. கருவி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுப்பது) இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசிச் சொல்லும்.

"விலா எலும்பு முறிஞ்சிட்டா?" முறியலாம். முறிந்தாலும் அது கூடிவிடும், அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.

கைவிடப்பட்ட அந்த ஆட்டம் 2024 மார்ச் 13 அன்று அதே மைதானத்தில் மறுபடி நடந்தது. 0-3 எனப் பின்தங்கியிருந்த போர்ன்மவுத் 4-3 என வென்றது. தன்னைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்ல லாக்யரும் அங்கே வந்திருந்தார்.