மெராந்தி மரம் நாள் பார்க்கும் விதம்

“மழைக்காடு ஏற்கெனவே வெப்ப நாட்டில்தானே இருக்கிறது? இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கூடினால் அந்த மரங்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது?” என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். வறட்சியில் மரங்கள் பட்டுப்போவதைப் பற்றியும் காட்டுத்தீயைப் பற்றியும் நிறையப் படித்திருப்பார். ஆனால் ஒரு மரம்கூடச் சாகாமல், ஓர் இலைகூட வாடாமல், ஒரு காடு வாரிசில்லாமல் போகவும் வழி இருக்கிறது. அதையே பதிலாகச் சொல்கிறேன்.

மலேசியத் தீபகற்பத்திலும் போர்னியோ தீவிலும் உள்ள தாழ்நிலக் காடுகளின் உயர்ந்த மரங்களில் பெரும்பாலானவை டிப்டெரோகார்ப் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் குங்கிலியம் எடுக்கும் சால மரத்துக்கும் அதே குடும்பம்தான். மலாய் மக்கள் மெராந்தி என்று அழைக்கும் மரங்கள் இதில் முக்கியமானவை. போர்னியோவில் உள்ள சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் 2019ஆம் ஆண்டு அளக்கப்பட்ட ஒரு மஞ்சள் மெராந்தியின் உயரம் 100.8 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல ஒன்றரை மடங்கு!

இவை ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு, சில வேளை பத்து ஆண்டுகூட வெறும் பச்சையாக நிற்கும். பிறகு ஏதோ ஓர் ஆண்டில் மெராந்திகளும், அவற்றுக்குச் சொந்தமே இல்லாத பல குடும்பத்து மரங்களும் சேர்ந்து பூத்துக் கொட்டும். மலைத்தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். நம் மிளகாய்த் தோட்டத்தில் இலையைச் சுருட்டிப் பாழாக்கும் இலைப்பேனின் உறவுக்காரப் பூச்சிகள், தீபகற்பக் காட்டில் மெராந்தி மொட்டுக்குள்ளேயே பெருகி மகரந்தம் சுமக்கின்றன. சில மாதங்கள் கழித்து, இறக்கை முளைத்த காய்கள் காற்றில் சுழன்றுகொண்டே இறங்கும்.

ஏன் எல்லாம் ஒரே நேரத்தில்? ஆளுக்கொரு மாதம் பூத்தால், விழும் விதையைக் காட்டுப்பன்றியும் அணிலும் வண்டும் மிச்சமில்லாமல் தின்றுவிடும். பல ஆண்டுகள் அவற்றைப் பட்டினி போட்டுவிட்டு ஒரேயடியாகக் கொட்டினால், எல்லா வயிறும் நிறைந்த பிறகும் விதை மிஞ்சும். டேனியல் ஜான்சன் என்ற சூழலியலாளர் 1974ஆம் ஆண்டு முன்வைத்த விளக்கம் இது. மூங்கிலும் இப்படித்தான். இன்றைய மிசோரத்தின் மிசோ மக்கள் மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்று தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள்: விதையைத் தின்று பெருகும் எலிகள் அடுத்து வயலில் இறங்கும். 1958ஆம் ஆண்டு அவர்களுடைய மாவட்டக் கவுன்சில் முன்கூட்டியே நிவாரணப் பணம் கேட்டது. அன்றைய அசாம் அரசு அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டது. மறு ஆண்டு பஞ்சம் வந்தது. கேள்வி கேட்காமல் நம்புவதையும், ஆராயாமல் ஒதுக்குவதையும் நான் ஒரே தவறாகத்தான் பார்க்கிறேன்.

காட்டுக்குத் திரும்புவோம். நிலநடுக்கோட்டருகே பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய சம நீளம். குளிர்காலம் கிடையாது. மழையும் பெரிதாக நிற்பதில்லை. நாள்காட்டியே இல்லாத அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் எப்படி ஒரே நாளைக் குறித்துக்கொள்கின்றன? எனக்குச் சலிக்கவே சலிக்காத பகுதி இதுதான்.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ போன்ற காலங்களில் அங்கே மழை குறைந்து வானம் வெளுக்கும். மேகம் என்பது பூமிக்குப் போர்த்திய கம்பளி. அது விலகினால், பகலில் வாங்கிய சூடு இரவில் விண்வெளிக்குப் போய்விடும். நம்மூரில் தை மாத விடியல் ஏன் சில்லென்றிருக்கிறது என்று யோசித்தால் இது புரியும். மழைக்காட்டிலும் அப்படிச் சில இரவுகளின் வெப்பநிலை வழக்கத்தைவிட இரண்டு டிகிரி அளவுக்கு இறங்கும். நமக்கு அது போர்வையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குக்கூடக் குளிர் இல்லை. மெராந்திக்கு அதுவே சேதி.

ஒரே ஓர் இரவுக் குளிரை நம்பி மரம் பூத்துவிடாது. மலேசியத் தீபகற்பத்தின் பாசோ காட்டில் இரண்டு மெராந்தி இனங்களின் மொட்டுகளைத் தொடர்ந்து சேகரித்து, பூப்பதைத் தொடங்கிவைக்கும் மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன என்று பார்த்தார்கள். 2017ஆம் ஆண்டு வெளியான முடிவு என்னை வியக்கவைத்தது. ஒன்பது வாரங்களுக்கும் மேலாக மரம் குளிரையும் வறட்சியையும் சேர்த்துக் கணக்கு வைக்கிறது. இரண்டும் கூடி ஓர் அளவைத் தாண்டினால்தான் அந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். வங்கி லாக்கரைப் போல: ஒரு சாவி மட்டும் இருந்தால் திறக்காது. குளிர் மட்டும் என்றால் அது ஒரு மழைநாளாக இருக்கலாம்; வறட்சி மட்டும் என்றால் அது பக்கத்து மேட்டில் மட்டும் மழை தவறியதாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால், அது தீபகற்பம் முழுவதற்கும் வந்த சேதி. மரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தேவையே இல்லை. எல்லாம் ஒரே வானத்தைப் படிக்கின்றன.

மாணவியின் ஒன்றிரண்டு டிகிரிக்கு இப்போது வரலாம். சேதியே இரண்டு டிகிரிதான். இரவுகள் அந்த அளவுக்குச் சூடேறிவிட்டால், வறட்சி என்ற சாவி கையில் இருந்தும் குளிர் என்ற சாவி தொலைந்துபோகும். மலேசிய வன ஆராய்ச்சி நிறுவனத்தில் 210 மர இனங்களின் பூவையும் காயையும் மாதந்தோறும் குறித்து வைத்திருக்கிறார்கள். 1976 முதல் 2010 வரையிலான அந்தக் குறிப்புகளில், பூக்கும், காய்க்கும் இனங்களின் விகிதம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. டிப்டெரோகார்ப் இனங்களில் 57 சதவீதத்துக்குக் குளிரும் வறட்சியும் இரண்டுமே தேவை என்பதும், தாய்லாந்திலிருந்து போர்னியோ வரை அவற்றுக்கான குளிர் வாய்ப்புகள் இனி அருகும் என்பதும் அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வின் முடிவுகள்.

35 ஆண்டுகள்! மாதந்தோறும் ஒருவர் மரத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்து, “பூ இல்லை” என்று எழுதியிருக்கிறார். பெரும்பாலான மாதங்களில் அதுதான் குறிப்பு. மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டும் பணம் ஒதுக்கும் நம் வழக்கத்தில் இப்படி ஓர் ஏடு பிறக்கவே முடியாது. பத்தாண்டுக்கு ஒருமுறை பூக்கும் மரத்தை மூன்றாண்டு பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? நோட்டும் பென்சிலும் வைத்திருக்கும் அந்த ஊழியரின் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுப்பதைவிட நல்ல அறிவியல் செலவு எனக்குத் தெரியவில்லை.

வறட்சி மட்டும் போதும் என்ற இனங்கள் இனியும் பூக்கலாம். ஆனால் பாதிக் கூட்டம் வராத விருந்தில் தின்பவற்றின் வயிறு நிறையாது. விதைகளில் மிஞ்சுவது குறையும். மெராந்தி விதையைச் சேமித்து வைக்கவும் முடியாது. காய்ந்தால் செத்துவிடும். விழுந்த சில நாட்களில் முளைத்தாக வேண்டும்.

“அப்படியானால் இந்த மரங்கள் குளிர்ந்த மலைச்சரிவுகளுக்கு நகரலாமே?” என்று அந்த மாணவி அடுத்துக் கேட்கக்கூடும். நகரலாம், விதையின் வேகத்தில். இறக்கை இருந்தும் பெரும்பாலான காய்கள் தாய் மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள்ளேயே விழுகின்றன. அங்கே முளைக்கும் கன்று, மேலே ஏதாவது ஒரு பெரிய மரம் சாய்ந்து வெளிச்சம் கிடைக்கும்வரை நிழலில் காத்திருந்து, வளர்ந்து, முதன்முறை பூப்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதற்கும் குளிர்ந்த இரவுகள் வர வேண்டும்.