ஸ்பீச் தெரபி யார் பொறுப்பு? இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு

பள்ளியில் கேட்டால் என்எச்எஸ்ஸை (அரசு மருத்துவச் சேவை) கை காட்டுகிறார்கள். என்எச்எஸ்ஸில் கேட்டால் கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றம்) எழுதச் சொல்கிறார்கள். இந்த அலைச்சலில் பிள்ளையின் வயதுதான் ஏறிப்போகிறது.

சிறப்புக் கல்வித் தேவையோ உடற்குறையோ உள்ள, 25 வயது வரையானவர்களுக்கான சேவைகளை கவுன்சிலும் என்எச்எஸ்ஸும் சேர்ந்தே ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 2014ஆம் ஆண்டுச் சட்டம். அவர்களுக்குள் வரும் தகராறை அவர்களே விரைவாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது உங்கள் தலைவலி அல்ல.

ஆனால் உங்கள் பிள்ளைக்கென்று உரிமையாக நின்று கேட்க இஎச்சி பிளான் (EHC plan) வேண்டும். பிள்ளைக்கு என்னென்ன கல்வி, மருத்துவ, பராமரிப்பு உதவி தேவை என்று கவுன்சில் எழுதித் தரும் சட்டப்படியான ஆவணம் அது. அதற்கான மதிப்பீட்டைக் கேட்டு நீங்களே கவுன்சிலுக்கு எழுதலாம். பள்ளியின் சம்மதம் தேவையில்லை. "டயக்னோசிஸ் வரட்டும்", "பள்ளி முதலில் 6,000 பவுண்ட் செலவழிக்கட்டும்" என்பார்கள். இரண்டும் சட்டத்தில் இல்லாத நிபந்தனைகள். மதிப்பீடு செய்வார்களா என்று கவுன்சில் 6 வாரத்தில் பதில் தர வேண்டும். பிளான் கொடுப்பதானால், நீங்கள் கேட்டதிலிருந்து 20 வாரத்தில் கையில் இருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு பதில் இருக்கிறது: "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால்தான் பேச்சு தாமதம்." இதைக் கேட்டுத் தமிழை நிறுத்தியவர்களும் உண்டு. நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் பேச்சுக் குறைபாடு வராது. பிள்ளை தமிழிலும் பின்தங்கியிருந்தால், எந்த வயதில் என்ன சொல்ல முடியவில்லை என்று விவரமாக எழுதிக் கொடுங்கள்.

பிளானின் வரைவு வந்ததும் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் தர வேண்டும். முதலில், தெரபி எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள். கல்வி உதவிக்கான எஃப் பிரிவில் இருந்தால் கவுன்சில் கொடுத்தே ஆக வேண்டும். வெயிட்டிங் லிஸ்ட், ஆள் பற்றாக்குறை எதுவும் சாக்கு ஆகாது. மருத்துவ உதவிக்கான ஜி பிரிவுக்குத் தள்ளிவிட்டால் பொறுப்பு என்எச்எஸ்ஸிடம் போய்விடும். அதன்மேல், மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்தால் பரிந்துரைக்க மட்டுமே முடியும். கற்கவோ பயிற்சி பெறவோ உதவும் தெரபி கல்வி உதவியாகவே கருதப்படும் என்பது சட்டம். அதைச் சொல்லி எஃப் பிரிவில் போடச் சொல்லுங்கள்.

"தேவைக்கேற்ப", "வாய்ப்பளிக்கப்படும்" என்ற சொற்களை ஏற்காதீர்கள். வாரம் எத்தனை முறை, எத்தனை நிமிடம், யார் செய்வார் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

கவுன்சில் மறுத்தால், கடிதத் தேதியிலிருந்து 2 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். கட்டணமில்லை. பெரும்பாலும் மீடியேஷன் (சமரசப் பேச்சு) சான்றிதழ் முதலில் வாங்க வேண்டியிருக்கும். மீடியேஷனுக்குப் போகாமலே அதைக் கேட்டு வாங்கலாம். இதற்கெல்லாம் இலவச ஆலோசனை தரும் செண்டியாஸ் (SENDIASS) சேவை ஒவ்வொரு பகுதியிலும் உண்டு.

போனில் எது பேசினாலும், பேசியதை அன்றே ஈமெயிலாக அனுப்பிவிடுங்கள்.