நோட்ஸ் போட்டாச்சு, சரி. பிள்ளை படித்ததா?

போன வாரம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். ‘தாவரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன’ என்று முதல் நோட்டில் இருந்தது. சுழித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதிலும் அதே வரி. வகுப்பில் மொத்தம் 26 நோட்டுகளில் இதே வரி, விட்டுப்போன ஒற்றெழுத்துகூட ஒரே இடத்தில். விசாரித்தால், நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தியின் நோட்டைப் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். லீவு எடுத்த பிள்ளைகளுக்கு உதவட்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் இந்த ஆண்டில் இது நான்காவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

‘குழுவில் போட்டாச்சு, இனிப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்’ என்று பெற்றோரும் நம்புகிறார்கள், ஆசிரியர்களும் நம்புகிறார்கள். படத்தைப் பார்த்து எழுதும்போது கைதான் வேலை செய்கிறது. பிழையான வரி என்று யாருக்காவது உறுத்தியிருந்தால் 26 பேரில் ஒருவராவது நிறுத்திக் கேட்டிருப்பார். சரி, எழுத வேண்டாம், நாலு தடவை படித்தால் போதாதா என்பார்கள். அதுவும் போதாது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பத்தியைப் படித்துவிட்டு மறுபடியும் அதையே படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழ். அவர்களுக்கு 42 விழுக்காடுதான் நினைவிருந்தது. மறுபடி படிக்காமல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. பரீட்சைக்கு முந்தைய இரவு ‘எல்லாம் தெரியும்’ என்று சொன்ன பிள்ளை ஏன் விழிக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

நாற்பது பிள்ளைகளும் ஒரே இடத்தில் கூடுகிற வசதியைத் தபால்பெட்டியாக்கிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். அந்தப் பிழையான வரியை அப்படியே குழுவில் போட்டு, ‘இது சரியா? புத்தகத்தைப் பார்க்காமல் உங்கள் குரலில் சொல்லுங்கள்’ என்று கேட்டேன். பரீட்சைத் தாளில் நாலு வரி தாண்டாத மாணவன் ஒருவன்தான் முதலில் குரல்பதிவு அனுப்பினான். “டீச்சர், அப்போ பகல்ல மரம் மூச்சை அடக்கிக்கிட்டு இருக்குமா?”

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. ராத்திரியில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்று பாட்டி சொன்னதை ஒரு பெண் எழுதினாள். குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது. மரம் பகலிலும் சுவாசிக்கிறது. வெளிச்சம் இருக்கும்போது ஒளிச்சேர்க்கை அதை மிஞ்சிவிடுவதால் வெளியே தெரிவதில்லை. மறுநாள் ஐந்து வீடுகளில் முளைவிட்ட பச்சைப்பயறை மூடிய பாட்டிலுக்குள் வைத்து, தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறு கிண்ணத்தில் உள்ளே வைத்தார்கள். பட்டப்பகலிலேயே, பயறு சுவாசித்து வெளிவிட்ட கரியமில வாயுவால் நீர் பால்போலக் கலங்கியது. வேகவைத்த பயறு வைத்த பாட்டிலில் அப்படிக் கலங்கவில்லை. இரண்டு படங்களும் அருகருகே குழுவில் வந்தன. (ஒப்பிட இரண்டாவது பாட்டில் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் கரைக்க வேண்டும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.)

ஆசிரிய நண்பர்களே, மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். கடைசி வரியில் இருக்கும் பிள்ளை அதற்குப் பிறகு அங்கே வாயைத் திறக்காது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் முகப்படம் போடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. இரவு ஒன்பதுக்குக் கேள்வி போட்டுக் காலையில் பதில் கேட்பது அநியாயம். பல வீடுகளில் போன் ஒன்றுதான், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். போன் இல்லாத பிள்ளைக்காகக் கேள்வியைப் பலகையிலும் எழுதி வையுங்கள். அதன் பதிலைத் தாளில் வாங்கி, மற்ற பதில்களோடு சேர்த்து வகுப்பில் வாசியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் குரல்பதிவை நீங்கள் திருத்தி மறுபடி பேசவைக்காதீர்கள், அம்மா. தப்பும் தவறுமாகவே வரட்டும். எங்கே சிக்கிக்கொண்டது என்று அதில்தான் எனக்குத் தெரியும்.